இருவகைச் சட்டம்

தமிழ் இலக்கியம் பயில்வார்க்கு இரும்புத் தகட்டோடும் மரையாணியோடும் என்ன உறவு என்று எம் வகுப்புத் தோழர் சிலர் நகையாடி வினவியதுண்டு. அவர்கட்கு யாம் இறுக்கும் விடை இது: சொற்கள் ஏட்டில் மட்டும் வாழ்வன அல்ல. அச்சு, ஆணி, ஆரம், குடம், வட்டை, பொருத்து, மரை என்னுஞ் சொற்களை நிகண்டிற் காண்பது ஒன்று. அவை குறிக்கும் பொருள்களைக் கையால் தொட்டு அறிவது மற்றொன்று. கடந்த வேனில் விடுமுறையில் யாம் இவ்விரண்டாம் வகைப் பாடத்தை ஒரு பட்டறையிற் கேட்டோம். சேற்றிலும் மேடுபள்ளத்திலும் செல்லும் வண்டியொன்றின் முன்பம்பரைத் தாங்கும் சட்டத்துக்கு, மரையாணியால் இறுக்கத்தக்க வலுத்தாங்கிகளை வகுப்பதே அப்பாடத்தின் பொருள். கண்டதையும் கேட்டதையும் முறைப்படக் கூறுதலே ஈண்டு எம் நோக்கம்.

எம் தாய்மாமன் பட்டுக்கோட்டைக்கு அணித்தாயுள்ள சிற்றூரொன்றில் நெல்லும் தென்னையும் பயிரிடுபவர். தஞ்சை நாடு என்றவுடன் பலர் கருத்தில் தோன்றுவது காவிரியும் வெண்ணாறும் கிளைத்துப் பாயும் பழைய படுகையே. எம் மாமன் ஊர் அப்படுகையின் தென்புறத்தது. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் முடிவுற்ற காலத்து, அத்திட்டத்தின் ஒரு கூறாக வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய் அப்பகுதிக்கு நீரூட்டுகின்றது. ஊரார் அதனை இன்றும் புது ஆறு என்றே வழங்குவர். கால்வாயின் கிளைதோறும் கரையுண்டு, கரைதோறும் மண்வழியுண்டு. ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் அம்மண்வழி சேறாகிவிடும். நகரத்துக் கார்கள் அங்கே சக்கரம் புதைந்து நின்றுவிடும். ஆதலின் மாமன் நெடுங்காலமாக ஒரு ஜீப் வைத்திருக்கின்றார். இரண்டாம் உலகப் போரில் 1941ஆம் ஆண்டு முதல் பெருந்தொகையாகச் செய்யப்பட்டுப் புகழ்பெற்ற ஜீப்பின் வழித்தோன்றல் அது. நான்கு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் விசை செல்லும். உடலையும் இயந்திரத்தையும் சுமந்து நிற்பது ஏணி போன்ற ஓர் இரும்புச் சட்டம்: நெடுக இரண்டு கைகள், குறுக்கே சில பிணைகள். பட்டறையார் இதனைச் சேசிஸ் என்பர். அவ்விரு கைகளின் முன்முனைகளிலேதான் பம்பர் பூட்டப்பட்டிருக்கும்.

2018ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16ஆம் நாள் விடியுமுன், கஜா என்னும் பெரும்புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்து உட்புகுந்தது. இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஒடிந்து வீழ்ந்தன. மாமன் வீட்டின் அண்டையிற் பேறுகாலம் நெருங்கிய பெண்ணொருத்தி இருந்தாள். பட்டுக்கோட்டைக்குச் செல்லும் வழியெங்கும் மரங்கள் குறுக்கே கிடந்தன. ஊரார் அரிவாளும் இரம்பமும் கொண்டு மரங்களைத் துண்டாக்க, மாமன் ஜீப்பின் முன்பம்பரிற் சங்கிலியைப் பிணித்து, வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி, ஒவ்வொரு துண்டையும் வழியினின்றும் இழுத்து அகற்றினார். பெண் நலமே மருத்துவமனை சேர்ந்தாள். அன்று பிறந்த குழந்தை இன்று பள்ளிக்குச் செல்கின்றது. யாம் அக்காலத்துத் தஞ்சையிற் பள்ளி மாணவராயிருந்தோம். பின்னர் இச்செய்தியைப் பன்முறை கேட்டிருக்கின்றோம். சொல்லுந்தோறும் மாமன் இறுதியில் ஒன்றைச் சேர்த்துரைப்பார்: “பம்பர் மட்டும் இன்னும் கனமாய் இருந்திருந்தால், இன்னும் இரண்டு மணி நேரம் முன்னாலேயே போயிருக்கலாம்.”

இவ்வாண்டு வேனிலில் அந்தப் பம்பர் ஒருபுறம் தாழ்ந்து ஆடத் தொடங்கிற்று. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு சென்றோம். பட்டறைக்குரிய ஆசாரியார் முதியவர். அவருடைய தந்தையார் பார வண்டிகளுக்கு இரும்புப் பட்டாப் போட்டவர். இவர் சேற்றுழவுக்குச் செல்லும் டிராக்டர்களுக்குக் கேஜ் வீல் செய்து கொடுப்பவர். பம்பரைக் கழற்றிய பின், வலக்கையின் முன்முனையில் ஆணித்துளையினின்று கிளம்பிய மெல்லிய கோடொன்று கண்ணிற் பட்டது. மாமன் அதனைத் துருவின் கீறல் என்றார். ஆசாரியார் ஒன்றும் பேசவில்லை. அவ்விடத்தைக் கம்பித் தூரிகையாற் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டார். பின்பு நன்றாகத் துடைத்து, சாக்குக்கட்டியின் தூளை மேலே பூசினார். சிறிது பொழுதில் வெண்மையான தூளின்மீது கருங்கோடொன்று தானே எழுந்தது. விரிசலுட் புகுந்த எண்ணெய் மீண்டும் வெளியே கசிந்து, விரிசலின் முழு நீளத்தையும் வரைந்து காட்டிற்று. யாம் கண்ணாற் கண்டதைக் காட்டிலும் அஃது இருமடங்கு நீண்டிருந்தது.

“தம்பி, விரிசல் எங்கே முடிகிறது என்று தெரியாமல் கைவைக்கக் கூடாது,” என்று ஆசாரியார் எமக்கு உரைத்தார். கோடு முடியும் இடத்தில் அவர் சிறு துளையொன்று இட்டார். துளையிட்டுப் பெரிதாக்குவது எங்ஙனம் மருந்தாகும் என்று வியந்தோம். விரிசலின் நுனி ஊசிமுனை போன்றது. விசையெல்லாம் அம்முனையிற் குவிதலால் அது மேன்மேலும் கிழித்துச் செல்லும். முனையை வட்டமாக்கிவிட்டால் விசை பரவிப்போகும்; விரிசல் முன்னேறுவது தடைப்படும். துணியிற் கிழிசல் ஓடாதபடி நுனியில் முடிச்சிடுவார் செயலோடு இதனை ஒப்பிடலாம்.

இதன்மேல் என் செய்வது என்பதில்தான் வழக்குப் பிறந்தது. மாமன் எண்ணியது இது: 12 மில்லிமீட்டர்த் தகட்டை முனையைச் சுற்றி வெல்டிங் செய்துவிட வேண்டும், அதன்மேல், நெஞ்சளவு உயர்ந்த குழாய்க்காப்பு ஒன்றை முன்புறம் நிறுத்த வேண்டும். மறுபடியும் ஒரு புயல் வந்தால் வண்டி பின்னிடலாகாது என்பது அவர் கருத்து. ஆசாரியார் இரண்டையும் மறுத்தார். மாமன் சினந்து, “நீ படித்தவன்தானே, என்ன செய்யலாமென்று நீயே எழுதிக் காட்டு,” என்று எம்பால் திரும்பினார். யாம் படித்தது எழுத்தும் சொல்லும் யாப்பும் அணியுமேயாயினும், அன்று முதல் நான்கு நாள் ஆசாரியாரின் அருகிருந்து வினவியும், பள்ளியிற் கற்ற நெம்புகோற் கணக்கை நினைவுகூர்ந்தும் ஒரு வரைவு செய்தோம்.

முதலில் விரிசலின் காரணத்தை ஆராய்ந்தோம். பம்பரைத் தாங்கிய இரு ஆணிகளுக்கும் இடையே ஏறத்தாழ 10 சென்டிமீட்டரே இருந்தது. சங்கிலி இழுத்த இடமோ அவற்றினின்றும் பக்கவாட்டில் 30 சென்டிமீட்டர் அளவு விலகியிருந்தது. இழுவிசை 1,000 கிலோ எடைக்கு ஒப்பானது என்று வைத்துக்கொள்வோம். 1,000ஐ 30ஆற் பெருக்கி 10ஆல் வகுத்தால், அந்நெம்பலைத் தடுக்க ஆணிகள் தாங்க வேண்டிய விசை 3,000 கிலோ ஆகின்றது. கையின் முனையிலுள்ள மெல்லிய தகடு அதனை எத்துணை முறை பொறுக்கும்? ஆனால் அதே தாங்கியைச் சட்டத்தின் பக்கவாட்டில் பின்னோக்கி நீட்டி, ஆணிகளுக்கு இடையே 40 சென்டிமீட்டர் இருக்குமாறு செய்தால், அதே இழுப்புக்கு 750 கிலோவே வரும். இரும்பைத் தடிப்பாக்காமலே, நீளத்தாலும் இடத்தாலும் பளு நாலில் ஒன்றாயிற்று. இதனை எழுதிக் காட்டியபோது ஆசாரியார், “இதைத்தான் சொல்ல வந்தேன், எனக்குக் கணக்கு வராது, கை வரும்,” என்றார்.

அடுத்து எழுந்த வினா, வெல்டிங்கா ஆணியா என்பது. விரிசலின் வாயை மூடுதற்கு ஆசாரியார் அளவாக வெல்டிங் செய்தார். ஆயின் பளுவைத் தாங்கும் பொறுப்பை அதன் தலையில் ஏற்றவில்லை. உருக்கி ஒட்டிய விளிம்பின் அருகே இரும்பின் இயல்பு வெப்பத்தால் மாறுகின்றது. ஒட்டின் ஓரமும் ஒரு நுண்ணிய படியாக அமைகின்றது. நாடோறும் அதிரும் சட்டத்தில் அடுத்த விரிசல் பெரும்பாலும் அவ்வோரத்திலேயே பிறக்கும். ஆணியாற் பூட்டிய தாங்கியையோ கழற்றலாம்; அடியிற் பார்க்கலாம்; பழுதுறின் மாற்றலாம்.

ஆணி எவ்வாறு பளுவைத் தாங்குகின்றது என்பதையும் ஆண்டே அறிந்தோம். ஆணியின் தண்டு துளைச்சுவரில் முட்டி நின்று தாங்குவதாகவே யாம் முன்பு கருதியிருந்தோம். உண்மை வேறு. மரையை முறுக்குங்கால் ஆணி மிக நுண்ணிய அளவு நீள்கின்றது. நீண்டது சுருங்க முயன்று இரு தகடுகளையும் ஒன்றோடொன்று அழுத்துகின்றது. அவ்வழுத்தத்தாற் பிறக்கும் உராய்வே தகடுகளை நகரவொட்டாது பிடிக்கின்றது. இதனை ஆசாரியார் தம் தந்தையாரின் தொழிலைக் கொண்டே விளக்கினார். வண்டிச் சக்கரத்தைவிடச் சற்றே சிறிதாகச் செய்த இரும்புப் பட்டாவை நெருப்பிலிட்டு விரியச்செய்து, வட்டையின்மேல் ஏற்றி, நீர் ஊற்றுவர். குளிர்ந்து சுருங்கும் பட்டா, வட்டையையும் ஆரக்காலையும் குடத்தையும் நெருக்கி ஒன்றாக்கிவிடும். பட்டா சுருங்கிப் பிடிப்பதும் ஆணி நீண்டு பிடிப்பதும் ஒரே நெறியின் இரு முகங்கள் அன்றோ!

ஆதலின் ஆணியின் தரமும் முறுக்கின் அளவும் இன்றியமையாதன. 8.8 என்று தலையிற் பொறித்த ஆணிகளைத் தஞ்சையில் வாங்கினோம். அவ்வெண்ணில் முதல் 8, ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுப்பு வரை அறாது என்பதைக் குறிக்கும். புள்ளிக்குப் பின்னுள்ள 8, அதில் 80 விழுக்காடு, அதாவது 640 நியூட்டன் வரை இழுத்தாலும் நிலையான நீட்சி பெறாது தன் அளவுக்கு மீளும் என்பதைக் குறிக்கும். பொறிப்பில்லாத ஆணி பார்வைக்கு ஒன்றே போலிருப்பினும் அதன் வலிமையை அறிதற்கு வழியில்லை. 12 மில்லிமீட்டர் ஆணிக்கு ஏறத்தாழ 80 நியூட்டன் மீட்டர் முறுக்கு என்று கொண்டு, அளவு காட்டும் ஸ்பானர் ஒன்றை இரவல் பெற்றோம்.

வரைவின் ஏனைய கூறுகளைச் சுருக்கிக் கூறுவாம். தாங்கி 50 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் அகலம், 6 மில்லிமீட்டர்த் தடிப்பு. ஒன்றன் எடை 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சட்டத்தில் முன்னமே உள்ள துளைகளை இயன்றவரை பயன்கொண்டோம். புதுத்துளை வேண்டிய இடத்தில், சட்டத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் தொடாமல், நடுப்பகுதியிலேயே இட்டோம். சட்டம் வளையுங்கால் மேலும் கீழுமே மிகுந்த இழுப்பும் நெரிப்பும் உறுவன. நடுவில் அவை மிகக் குறைவு. சட்டத்தின் கை பெட்டிபோல் மூடியிருந்த இடத்தில், ஆணியை முறுக்கினால் பெட்டி நசுங்குமாதலால், உள்ளே தடித்த குழாய்த்துண்டு வைத்து அதனூடே ஆணியைச் செலுத்தினோம். தாங்கியின் பின்முனையை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டினோம். வலிய பகுதி சட்டென முடிந்து மெலிந்த பகுதி தொடங்கும் இடத்தில் விசை குவியாதிருத்தற்கு இஃது உபாயம். இரு தாங்கிகளையும் குறுக்கே ஒரு குழாயாற் பிணைத்தோம். பக்கவாட்டில் இழுப்பு நேரின் ஒரு கையே அதனைச் சுமவாது இருகையும் பகிர்ந்துகொள்ளும். இவ்வடிவம் முழுவதையும் முதலில் அட்டையில் வெட்டி வண்டியில் ஒட்டிப் பார்த்தோம். அட்டை வெட்டுதலும் துளையின் இடம் குறித்தலுமே எம் கைப்பணி. தகட்டிற் கைவைக்க ஆசாரியார் எம்மை விடவில்லை.

“ஆறு மில்லிமீட்டர் போதுமா? பன்னிரண்டு போட்டால் என்ன கெட்டுவிடும்?” என்று மாமன் மீண்டும் வினவினார். ஆசாரியார் கூறிய விடை எம் உள்ளத்திற் பதிந்தது: “ஐயா, முனையை மலைபோல ஆக்கிவிட்டால் அது உடையாதுதான். ஆனால் அடி வாங்கியது எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அடுத்த விரிசல் தாங்கிக்குப் பின்னால், ஸ்டியரிங் பெட்டிக்குப் பக்கத்தில் வரும். பம்பர் வளைந்தால் நாளைக்கு நிமிர்த்தித் தருகிறேன். சேசிஸ் வளைந்தால் யாரிடம் போவீர்கள்?” முதலில் வளையவேண்டியது விலை குறைந்த உறுப்பு, இறுதிவரை நிற்கவேண்டியது உயிரைச் சுமக்கும் உறுப்பு. வலிமையை எங்கே கூட்டுவது என்பதைவிட எங்கே நிறுத்துவது என்பதே அரிய வினா. திருக்குறளில் வலியறிதல் என்னும் அதிகாரம் வண்டியச்சின் முறிவை எடுத்துக்காட்டாகக் கொண்டிருத்தலை யாம் உரையோடு பாடங்கேட்டதுண்டு. வள்ளுவர் கண்ட வண்டிக்கும் மாமன் வண்டிக்கும் இடையே காலம் நெடிது; அளவறிய வேண்டும் என்னும் தேவை மட்டும் மாறவில்லை.

இனிக் குழாய்க்காப்பைப் பற்றிய வழக்கு. சட்டம் என்னும் சொல் தமிழில் வண்டியின் எலும்புக்கூட்டையும் குறிக்கும்; அரசின் விதியையும் குறிக்கும். மாமன் முதற்சட்டத்தையே எண்ணினார். இரண்டாவதை எடுத்துரைக்கும் கடமை எம்மைச் சார்ந்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில், வண்டியின் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் செய்தோர் முதலிற் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு அதனை மாற்றியமைத்தலைத் தடுக்கின்றது. 2017ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம், வண்டிகளின் முன்னே பொருத்தப்படும் இத்தகைய காப்புகள் நடந்து செல்வோர்க்கும் வண்டியில் உள்ளோர்க்கும் பேரிடர் விளைப்பன என்று கூறி, அவற்றின்மேல் நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்கட்கு எழுதிற்று. காரணம் எளிது. வண்டியின் முன்புறம் மோதுங்கால் நசுங்கி அதிர்ச்சியைக் குறைக்குமாறு வகுக்கப்பட்டது. அதன்முன் நசுங்காத இரும்பை நிறுத்தின், அடியெல்லாம் எதிரில் உள்ளவர்மேல் விழும். காற்றுப்பை உள்ள கார்களில், அப்பை உரிய கணத்தில் விரிவதற்கும் அவ்விரும்பு தடையாகலாம்.

இவற்றை யாம் தமிழில் எழுதி மாமனிடம் படித்துக் காட்டினோம். அவர் எழுந்து வயலுக்குச் சென்றுவிட்டார். இரண்டு நாள் எம்மோடு பேசவில்லை. அவர் சினம் சட்டத்தின்மேல் எழுந்ததன்று என்பதை யாம் உணர்ந்திருந்தோம். புயல் இரவில், கதறும் பெண்ணைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு, வழியடைத்த மரத்தின் முன்னே நின்ற அவருடைய கையறுநிலை அவ்வுயர்ந்த இரும்பை வேண்டிற்று. எனினும் அதே கரைவழியிலேதான் நாடோறும் காலையில் பிள்ளைகள் மிதிவண்டியிற் பள்ளிக்குச் செல்கின்றனர். அன்று வழிதிறந்து உலகங்கண்ட அக்குழந்தையும் அவ்வழியேதான் நடக்கின்றது. இதனை யாம் எழுதவில்லை, வாயாற் சொன்னோம். மூன்றாம் நாள் மாமன் பட்டறைக்கு வந்து, “காப்பு வேண்டாம். ஆனால் மரம் விழுந்தால் இழுக்க வேண்டும். அதற்கு வழி சொல்லுங்கள்,” என்றார்.

வழி இருந்தது. வண்டி செய்தோர் வைத்த இழுகொக்கிகள் இரண்டும் பம்பரின் பின்னே துருவேறிக் கிடந்தன. அவற்றைத் தூய்மை செய்து, புதுத்தாங்கிகளின் ஆணிகளோடு சட்டத்தின் நேர்க்கோட்டிலேயே இறுக்கினோம். இனிச் சங்கிலி பம்பரின் ஓரத்தில் அன்று, கொக்கியிலேயே பூட்டப்படும். இழுப்பு நெம்பலாகாது நேரே நெடுங்கைகளைச் சாரும். பழைய பம்பரே மீண்டும் ஏறிற்று. வண்டியின் நீளமும் உருவும் மாறவில்லை. அடிப்படை இயல்பை மாற்றும் அமைப்பு மாற்றத்தையே 52ஆம் பிரிவு கருதுகின்றது. எம் வேலை பழுதுபார்த்தலின்பாற்பட்டது என்பதை மாமன் போக்குவரத்து அலுவலகத்தில் வினவி உறுதிசெய்து கொண்டார்.

பழைய உடம்பைக் கெடாது காத்துப் புதிய இரும்பைச் சேர்ப்பது தஞ்சை நாட்டுக்குப் புதியதன்று. திருவாரூர் ஆழித்தேர் 1926ஆம் ஆண்டில் நெருப்பிற் பட்டழிந்தபின் மீண்டும் மரத்தாற் சமைக்கப்பட்டது. பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளிப் பெல் தொழிற்சாலையின் துணையால் அதற்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் அமைந்தன. அத்துணைப் பெருந்தேரை நகர்த்துவது அரிது. நிறுத்துவது அதனினும் அரிது. மேலே சிற்பமும் சீலையும் பண்டுபோல் விளங்க, கீழே புதுமை ஓசையின்றிப் பணிசெய்கின்றது. எம் சிறு தாங்கிகளும் அங்ஙனமே பம்பரின் பின்னே மறைந்து கிடக்கின்றன.

தஞ்சைச் சேற்றுக்கும் ஒரு முறை வகுத்தோம். இரு தகடுகளுக்கு இடையே ஈரம் தங்கின் உள்ளேயே துரு வளரும். ஆதலின் தாங்கியின் அடியில் நீர் வடியும் இடைவெளி விட்டோம். தகடுகள் ஒட்டும் முகத்தில் தடித்த வண்ணம் பூசாமல் மெல்லிய பிரைமர் மட்டும் தடவினோம். தடித்த வண்ணம் நாளடைவில் நசுங்கி ஆணியின் பிடியைத் தளர்த்திவிடும். முதல் 500 கிலோமீட்டர் ஓடியபின் ஆணிகளை மீண்டும் சோதித்தோம், இரண்டு சிறிதே தளர்ந்திருந்தன, அளவுக்கு முறுக்கினோம்.

ஒவ்வோர் ஆணியின் தலையினின்று தகடுவரை ஆசாரியார் வெள்ளை வண்ணத்தால் ஒரு கோடு இழுத்திருக்கின்றார். ஆணி சிறிது சுழன்றாலும் அக்கோடு முறிந்து தோன்றும். மாமன் ஞாயிறுதோறும் வண்டியின் அடியிற் குனிந்து அக்கோடுகளை எண்ணிப் பார்க்கின்றார் என்றும், இம்மழைக்காலம் கடந்தும் பன்னிரண்டும் நேராகவே உள்ளன என்றும் அம்மானி எமக்குத் தொலைபேசியிற் கூறினார். வலியது செய்தோம் என்று மகிழ்ந்திருப்பதினும், செய்தது நிலைக்கின்றதா என்று குனிந்து பார்ப்பது மேல் என்பதை யாம் அப்பட்டறையிற் கற்றோம். கவிதைக்கும் கட்டுரைக்கும் அது பொருந்தும் என்றே கருதுகின்றோம்.